உங்களுக்குத் தெரியுமா? மதுரை தந்த விமானம்

சீனப் பெருநிலத்தில் முதலில் பறந்த தனியார் விமான நிறுவனம் ஓகே ஏர்வேஸ். 2005 மார்ச்சில் அதன் முதல் விமானம் தியான்ஜினிலிருந்து சாங்ஷாவுக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் நம்மவர்களும் கிளம்பினார்கள்! மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், சென்னையை மையமாக வைத்து மதுரை, கோவை, கொச்சி, ஐதராபாத் எனத் தென்னக ஊர்களை இணைத்தது. பிரேசில் நாட்டு எம்ப்ரேயரின் புதிய தலைமுறைப் பயணிகள் விமானங்களை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்ததும் இவர்கள்தான். இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். நடுவில் மாட்டிக்கொண்டு நெளியும் பேச்சே இல்லை. முழுக்க பிசினஸ் வகுப்பு. 2010-இல் சேவை நின்றுபோனது பெரிய இழப்பு. நம் பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், நெய்வேலியில்கூட ஓடுதளம் இருக்கிறது. எம்ப்ரேயர் போன்ற சிறிய விமானங்கள் நம் ஊர்ப் பக்கமும் வர வேண்டும்.