பழைய வண்டி, புதிய எஞ்சின் – 9: பெடலிலிருந்து பிரஷர் பிளேட் வரை

செவர்லே 1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் விற்ற சி-10 பிக்கப்பில், 1997-இல் கார்வெட் காரோடு அறிமுகமான எல்.எஸ். குடும்பத்து வி-8 எஞ்சினை ஏற்றுவதற்கு மவுண்டுகளும் ஆயில் சம்பும் எவ்வாறு மாற வேண்டும் என்பதைச் சென்ற பகுதி விளக்கியது. மேனுவல் கியர் கொண்ட வண்டியில் அதற்கு அடுத்த சிக்கல் கிளட்சில் எழுகிறது. அந்தக் காலத்து பிக்கப்பில், பெடலை மிதிக்கும் விசை இரும்புக் கம்பிகள் வழியாகவும், சேஸிக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே சுழலும் ஒரு தண்டு வழியாகவும் கிளட்ச் ஃபோர்க்கைச் சென்றடையும். அந்தத் தண்டின் உள்முனையைத் தாங்கும் குமிழாணிக்கு எல்.எஸ். பிளாக்கில் இடமே விடப்படவில்லை. தனி பிராக்கெட் வைத்துப் பழைய முறையைக் காப்பாற்றலாம் என்றாலும், எக்ஸாஸ்ட் குழாய்களும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால், பெரும்பாலோர் ஹைட்ராலிக் முறைக்கே வந்து சேர்கின்றனர்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்பது, பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் திரவம், கிளட்ச் அருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்தும் அமைப்பாகும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை என்பதால், விசையில் கிடைக்கும் ஆதாயம் நகர்வில் இழப்பாக வந்து நிற்கும். பெடல் விகிதம் 6-க்கு 1 என்றும், பாதம் 150 மி.மீ. கீழிறங்குகிறது என்றும் கொண்டால், மாஸ்டரின் பிஸ்டன் 25 மி.மீ. நகரும். மாஸ்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலமாகவும், வெளியே பொருத்தப்பட்ட ஸ்லேவின் உள்விட்டம் 22.2 மி.மீ. ஆகவும் இருந்தால், ஸ்லேவ் ஏறத்தாழ 18 மி.மீ. நகரும். பெரியதே நல்லது என்று எண்ணி ஓர் அங்குல மாஸ்டரைப் பொருத்தினால், நகர்வு 32 மி.மீ.-ஐத் தாண்டிவிடும், அதே நகர்வுக்குக் கால் கொடுக்க வேண்டிய விசையும் முன்பைவிட 1.78 மடங்காகும். கடினமான பெடல் என்று பின்னர் எழும் புகார்களில் கணிசமானவை, கணக்குப் போடாமல் கைக்குக் கிடைத்த மாஸ்டரை வாங்கியதன் விளைவே.

விசை பெருகும் இடத்தில் தகடும் வளையும். பாதம் 15 கிலோ விசை கொடுத்தால், தள்ளுகோல் மாஸ்டரை 90 கிலோ விசையுடன் அழுத்துகிறது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகடு அந்தச் சுமையைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதன்று. அது முன்னே வளையும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பிஸ்டனின் நகர்விலிருந்து கழியும் என்பதால், தடித்த எஃகுத் தட்டை வைத்து வலுப்படுத்துவது இன்றியமையாதது. தள்ளுகோல் சிலிண்டரின் நேர்கோட்டில் செல்ல வேண்டும். சாய்ந்து தள்ளினால் சீல் ஒருபுறமாகத் தேயும். பெடல் மேலே இருக்கும்போது கோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய தளர்வும் இருந்தாக வேண்டும். அது இல்லையேல், திரவத் தொட்டிக்குச் செல்லும் சிறு துளை மூடியே கிடந்து, சூட்டில் விரிந்த திரவம் திரும்பிப் போக வழியின்றிக் கிளட்சை அரைகுறையாக அழுத்திக்கொண்டிருக்கும்.

1998–2002 காலத்து கமாரோவிலிருந்து டி-56 கியர்பாக்ஸை எடுத்து மாட்டுபவருக்கு ஸ்லேவ் வேறு வடிவில் கிடைக்கிறது: கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றி வளையமாக, ரிலீஸ் பேரிங்குடன் சேர்ந்தே அது அமர்ந்திருக்கும். இதில் ஃபோர்க் இல்லை. ஆனால் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களுக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கிளட்ச் டிஸ்க் தேயத் தேய அந்த விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாக வெளியே வருவதால், இடைவெளி குறைவாக இருந்தால் பின்வாங்க இடமின்றி பேரிங் விரல்களை அழுத்தியபடியே நின்று, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். அதிகமாக இருந்தாலோ, பிஸ்டன் எல்லையைத் தாண்டி சீலே வெளியே வந்துவிடக்கூடும்.

திரவத்தைப் பொறுத்தவரை, இத்தகைய சிலிண்டர்களுக்குப் பொதுவாக டாட்-3 அல்லது டாட்-4 பிரேக் ஆயில்தான். மினரல் ஆயில் அவற்றின் ரப்பர் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். வளைய ஸ்லேவில் காற்று எடுக்கும் திருகு பெல் ஹவுசிங்குக்குள் மறைந்திருப்பதால், அதற்கு ஒரு நீட்டிப்புக் குழாயை முன்கூட்டியே இணைத்து வெளியே கொண்டுவருவது நல்லது. இதையும் விரல் இடைவெளியையும் கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன்பே முடிக்காதவர், மீண்டும் கியர்பாக்ஸை இறக்கித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

(தொடரும்)