கியரை எப்போது மாற்றினால் கார் முந்தும்?

எஞ்சின் உச்சத் திறனைத் தொட்டதுமே கியரை மாற்றிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம் போன்ற நேர்ப்பாதையில், சுமார் 402 மீட்டர் டிராக் (drag) பந்தயத்தில் அது நேரத்தைத் தின்றுவிடும். ஏன்?

காரைத் தள்ளுவது சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை. எஞ்சினின் முறுக்குவிசையைக் கியர் விகிதத்தால் பெருக்கினால், எந்தக் கியரில் அது அதிகம் என்று ஒப்பிடலாம். முதல் கியர் 3.5, இரண்டாவது 2 என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் தந்தால், பெருக்குத்தொகை 350. இரண்டாவதுக்குப் போனால் சுற்று ஏறத்தாழ 3,430-க்கு இறங்கும். அங்கே எஞ்சின் 130 கொடுத்தாலும் கிடைப்பது 260தான். ஆகவே எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பான சிவப்புக்கோடு வரை முதல் கியரிலேயே இழுப்பதுதான் லாபம். மேல் கியர்களில் விகிதங்கள் நெருங்கிவிடும்; இரண்டு பெருக்குத்தொகையும் சமமாகும் புள்ளி முன்கூட்டியே வரலாம். அங்கே மாற்ற வேண்டும்.

தஞ்சாவூர் வயலில் இறங்கும் டிராக்டருக்குக் கதையே வேறு. குறுவைக்குச் சேறடிக்கும்போது கிளட்சை மிதித்தால், அடுத்த கியர் விழுவதற்குள் சேறு டிராக்டரை நிறுத்திவிடும். அதனால் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய வண்டியை, வரப்போரத்திலேயே கியரைத் தேர்ந்துகொண்டுதான் இறக்குகிறார்கள். நடுவில் எஞ்சின் திணறினால், சேற்றைக் கலக்கும் ரோட்டவேட்டரைச் சற்றுத் தூக்கிச் சுமையைக் குறைப்பார்கள், கியரைத் தொடமாட்டார்கள்.