ஒரே வீரர், மூன்று நாடுகள்!

"உங்கள் மாவட்டம் எது?" என்று அரியலூரில் வயதான ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "எந்த வருஷத்தில்?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்கலாம்.

அப்படிக் கேட்டால் தவறு இல்லை. அரியலூரும் பெரம்பலூரும் முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தன. 1995-ம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் அதில் சேர்ந்தது. 2001-ல் அரியலூர் தனியாகப் பிரிந்தது. 2002-ல் மீண்டும் பெரம்பலூருடன் இணைந்தது. 2007-ல் திரும்பவும் தனி மாவட்டம் ஆனது.

12 ஆண்டுகளில் 4 மாற்றங்கள்! வீடு அதே வீடு. வயல் அதே வயல். முகவரியில் மட்டும் மாவட்டத்தின் பெயர் மாறியது.

மாவட்டம் மாறினால், மனு கொடுக்கும் அலுவலகம் மாறும். அவ்வளவுதான். ஆனால், நாடே மாறினால்?

அப்படி நாடு மாறிய ஒரு கால்பந்து வீரரின் கதை இது. அவர் 3 உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார். ஒவ்வொரு முறையும் அவருடைய நாட்டுக்கு வேறு பெயர்! உலகக் கோப்பையில் இப்படி 3 நாடுகளின் பெயரில் ஆடியவர் அவர் ஒருவர்தான்.

அவர் பெயர் டேயான் ஸ்டான்கோவிச். செர்பியாக்காரர்.

டிட்டோவின் நாடு

1978-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, பெல்கிரேடு நகரில் ஸ்டான்கோவிச் பிறந்தார். அப்போது பெல்கிரேடு, யூகோஸ்லாவியா நாட்டின் தலைநகரம்.

யூகோஸ்லாவியா என்றதும் நம் பெரியவர்களுக்கு மார்ஷல் டிட்டோவின் நினைவு வரும். நேருவின் நண்பர் அவர். அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு, 1961-ல் பெல்கிரேடில்தான் நடந்தது. நேருவும் அதில் கலந்துகொண்டார்.

கால்பந்திலும் நமக்கு அந்த நாட்டுடன் பழைய தொடர்பு உண்டு. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரை இறுதி வரை சென்றது. அங்கே எதிர்த்து ஆடியது யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டது இந்தியாதான். ஆனாலும் முடிவில் யூகோஸ்லாவியா 4-1 என்று வென்றது.

செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாசிடோனியா, மான்டினீக்ரோ ஆகிய 6 குடியரசுகள் சேர்ந்த நாடு அது.

கூட்டுக் குடும்பம் உடைந்தது

1991-ம் ஆண்டு பெல்கிரேடின் 'ரெட் ஸ்டார்' கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஸ்டான்கோவிச்சுக்கு அப்போது 12 வயது. ஊரே கொண்டாடியது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே ஆண்டு நாடு உடையத் தொடங்கியது. அண்ணன் தம்பி போல் வாழ்ந்தவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 4 குடியரசுகள் பிரிந்து போயின. செர்பியாவும் மான்டினீக்ரோவும் மட்டும் யூகோஸ்லாவியா என்ற பெயரை வைத்துக்கொண்டன.

போர் காரணமாக, 1992-ல் ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்தது. அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் யூகோஸ்லாவியாவுக்கு இடம் இல்லை. அதற்குப் பதிலாக டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். டென்மார்க் கோப்பையையே வென்றுவிட்டது! 1994 உலகக் கோப்பைக்கும் யூகோஸ்லாவியா போக முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஸ்டான்கோவிச் பந்தாட்டம் பழகினார். 16 வயதில் ரெட் ஸ்டார் அணியில் இடம் பிடித்தார்.

நடுவில் நிற்பவர்

அவர் நடுக்கள ஆட்டக்காரர். அது என்ன வேலை?

வீடு கட்டும் இடத்தில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் நிற்பவர் சோர்ந்தால் வேலை நின்றுபோகும். கால்பந்திலும் அப்படித்தான். பின்னால் இருந்து வரும் பந்தை வாங்கி, முன்னால் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டும். எதிரி பந்துடன் வந்தால், ஓடிப்போய்த் தடுக்கவும் வேண்டும். 90 நிமிடமும் ஓய்வு கிடையாது.

ஸ்டான்கோவிச் இந்த இரண்டு வேலையையும் செய்வார். சமயம் கிடைத்தால் தூரத்தில் இருந்தே கோலும் போடுவார்.

1998 ஏப்ரலில், 19 வயதில், முதல் முறையாக நாட்டுக்காக ஆடினார். எதிரணி தென் கொரியா. அந்த முதல் ஆட்டத்திலேயே 2 கோல்! அதே ஆண்டு பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில், யூகோஸ்லாவியா வீரராக ஆடினார்.

ஊரில் குண்டு, களத்தில் பந்து

அந்த ஆண்டே இத்தாலியின் லாசியோ கழகம் அவரை விலைக்கு வாங்கியது. கை நிறைய சம்பளம். ஆனால், மறு ஆண்டே சோதனை வந்தது.

கொசோவோ பிரச்சினை காரணமாக, 1999 மார்ச் 24-ந் தேதி நேட்டோ விமானங்கள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசத் தொடங்கின. 78 நாட்கள் இது நீடித்தது. பெல்கிரேடும் தப்பவில்லை. அந்த விமானங்களில் பல, இத்தாலியில் உள்ள தளங்களில் இருந்தே புறப்பட்டன.

எண்ணிப் பாருங்கள். பிழைக்க வந்த நாட்டில் இருந்து விமானம் கிளம்புகிறது. பிறந்த ஊரில் குண்டு விழுகிறது. நடுவில் 20 வயது இளைஞர்!

குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில்தான், லாசியோ ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பையைக் கைப்பற்றியது. இறுதி ஆட்டத்தில் ஸ்டான்கோவிச்சும் ஆடினார். 2000-ம் ஆண்டு லாசியோ இத்தாலியின் சாம்பியனும் ஆனது.

இல்லாத நாட்டுக்கு ஆட்டம்

2003-ல் யூகோஸ்லாவியா என்ற பெயரே மறைந்தது. 'செர்பியா-மான்டினீக்ரோ' என்பது புதுப் பெயர். அந்தப் பெயரில் 2006 உலகக் கோப்பைக்கு அணி தகுதி பெற்றது.

ஆனால் 2006 மே 21-ந் தேதி, மான்டினீக்ரோ மக்கள் ஓட்டுப் போட்டார்கள். தனிநாடு ஆக 55 சதவீத ஓட்டு தேவை. கிடைத்தது 55.5 சதவீதம்! ஜூன் 3-ந் தேதி மான்டினீக்ரோ தனிநாடானது.

ஜூன் 11-ந் தேதி ஜெர்மனியில் செர்பியா-மான்டினீக்ரோ அணி களம் இறங்கியது. அந்தப் பெயரில் அன்று உலகில் ஒரு நாடே இல்லை! ஆனாலும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வீரர்கள் ஆடினார்கள். மான்டினீக்ரோவில் பிறந்த ஜெவ்ரிச் கோல் காத்தார். செர்பியாவில் பிறந்த ஸ்டான்கோவிச் நடுக்களத்தில் ஓடினார்.

3 ஆட்டங்களிலும் தோல்விதான். அர்ஜென்டினாவிடம் 6-0 என்று தோற்றார்கள்.

2010-ல் தென் ஆப்பிரிக்காவில் உலகக் கோப்பை. இப்போது நாட்டின் பெயர் 'செர்பியா'. தலைவர் ஸ்டான்கோவிச். பலம் மிக்க ஜெர்மனியை அவர்கள் 1-0 என்று தோற்கடித்தார்கள். என்றாலும் அடுத்த சுற்றுக்குப் போக முடியவில்லை.

மறக்க முடியாத கோல்

2004 முதல் அவர் ஆடியது இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தில். 2010-ல் அந்த அணி இத்தாலிய சாம்பியன் பட்டம், இத்தாலியக் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன் கோப்பை மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. எந்த இத்தாலியக் கழகமும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை.

2011 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷால்கே அணியுடன் ஆட்டம். தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஷால்கே கோல் காப்பாளர் முன்னால் ஓடி வந்து, பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றினார். பந்து மைதானத்தின் நடுவட்டம் பக்கம் பறந்தது. அங்கே நின்ற ஸ்டான்கோவிச், அது தரையைத் தொடும் முன்பே ஓங்கி உதைத்தார். அத்தனை தூரமும் பறந்து போய் வலையில் விழுந்தது பந்து!

கோல் அழகுதான். ஆனால் ஆட்டத்தில் இன்டர் 5-2 என்று தோற்றது. பந்தாட்டம் அப்படித்தான்!

10 நிமிட விடை

2013-ல் அவர் ஆட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அந்த ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, நோவிசாட் நகரில் ஜப்பானுடன் அவருக்கு விடைகொடுக்கும் ஆட்டம். 10-ம் எண் சட்டை. 10 நிமிட ஆட்டம். பிறகு களத்தை விட்டு வெளியேறினார்.

நாட்டுக்காக அது அவருடைய 103-வது ஆட்டம். அதற்கு முன் 102 ஆட்டங்கள் என்பதே சாதனையாக இருந்தது. அவருக்குப் பின் இவானோவிச் என்ற வீரர் 105 ஆட்டங்கள் ஆடி அதையும் முறியடித்தார்.

ஸ்டான்கோவிச் சும்மா இருக்கவில்லை. பயிற்சியாளர் ஆனார். 2019 டிசம்பரில், தாம் சிறுவனாக ஆடிய அதே ரெட் ஸ்டார் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். தொடர்ந்து 3 ஆண்டுகள் அதைச் சாம்பியன் ஆக்கினார். அவருடைய மகன்களும் பந்தாட்டத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் கோல் காப்பாளர். இன்னொருவர் தந்தையைப் போலவே நடுக்கள வீரர்.

நாட்டின் கொடி மாறியது. தேசிய கீதம் மாறியது. சட்டையில் இருந்த பெயரும் மாறியது. அவற்றை மாற்றியவர்கள் தலைவர்களும் படைகளும் ஓட்டுப் பெட்டிகளும். ஸ்டான்கோவிச் கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எந்தச் சட்டையைக் கொடுத்தாலும், அதைப் போட்டுக்கொண்டு முழு மூச்சாக ஓடுவது.

அதை அவர் 15 ஆண்டுகள் குறைவில்லாமல் செய்தார்.