எது பொய் சொல்கிறது?

குட்டீஸ்... அப்பாவின் ஸ்மார்ட் பேண்டை வாங்கிக் கட்டிக் கொண்டு, ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோவிலைச் சுற்றி அவருடன் நடக்கிறீர்கள். பேண்ட், 700 மீட்டர் என்கிறது. அப்பாவின் போனோ, 500 என்கிறது. ஏன்?

சாதாரண பேண்டுக்குத் தூரமே தெரியாது! கை வீச்சை வைத்துக் காலடிகளை எண்ணி, ஒரு காலடியின் நீளத்தால் பெருக்கும். அப்பாவின் காலடி, 70 செ.மீ., என அதில் பதிவாகியிருக்கும். உங்களுடையது, 50 தான். அதனால், 1,000 காலடிக்கு, 200 மீட்டர் கூடிவிட்டது!

போன், 20,000 கி.மீ., உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து, புள்ளி புள்ளியாய் இடம் குறிக்கிறது. அதுவும் உத்தமன் இல்லை. கல் மண்டபத்துக்குள் சிக்னல் தடுமாறும். உறங்காப்புளி அருகே சும்மா நின்றாலும், புள்ளி அங்குமிங்கும் தாவி, சில மீட்டர் ஏறும்.

பள்ளி மைதானத்தில், 100 மீட்டரை எண்ணி நடங்கள். 200 காலடி வந்தால், உங்கள் காலடி, 50 செ.மீ., உங்களுக்கு எத்தனை வருகிறது?