மூச்சுக்கும் ஓர் அளவு உண்டு

"மிஷின்ல வெச்சா அவ்வளவுதானாமே தம்பி? பேசாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

அரசு மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு தாய் எங்களிடம் கேட்ட கேள்வி இது. மலக்குழிக்குள் மயங்கி விழுந்த உடன்வேலைக்காரரைத் தூக்க இறங்கியவர் அவருடைய மகன். மேலே வந்தபோது நினைவு இருந்தது. இருமிக்கொண்டே நடந்தார், டீகூடக் குடித்தார். மறுநாள் விடிவதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியது. உதடு நீலம் பாய்ந்தது. ஆக்சிஜன் முகமூடி போதவில்லை. தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் இணைத்துவிட்டார்கள்.

அந்தத் தாயின் பயம் நம் தெருக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கொரோனா காலத்தில் அது இன்னும் இறுகிவிட்டது. எனவே உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

மலக்குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கி நிற்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. 'நாத்தம் இல்ல, இறங்கலாம்' என்று நினைப்பதைவிட ஆபத்து வேறில்லை. இந்த வாயு நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைப் புண்ணாக்கும். விழுந்தவர் கழிவுநீரை உறிஞ்சியிருந்தால் புண் இரட்டிப்பாகும். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பும். சில மணி நேரம் கழித்தும் வரலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம். மருத்துவர்கள் இதை 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்பார்கள். கடும் நிமோனியா, இரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று, பெரிய விபத்துக் காயம் ஆகியவற்றாலும் இது வரும். 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கவனித்து முதன்முதலில் இதைப் பற்றி எழுதினார்கள்.

வென்டிலேட்டர் இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் தானே ஆறுவதற்கு நாள் வாங்கிக் கொடுக்கிறது. ஆனால் அதே கருவி முரட்டுத்தனமாக ஊதினால் இருக்கிற நுரையீரலையும் கிழித்துவிடும். நீர் நிரம்பிய நுரையீரலில் காற்று புகுந்து வர மிஞ்சியிருக்கும் இடம் ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவுதான். அதற்குள் ஒரு பெரிய ஆளுக்கான காற்றை அடித்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு 2000-ஆம் ஆண்டில் விடை வந்தது. அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு முன்பிருந்த வழக்கப்படி, ஒவ்வொரு மூச்சுக்கும் கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் காற்று. மறு பிரிவினருக்குப் பாதி, 6 மில்லி லிட்டர். காற்றின் அழுத்தத்துக்கும் வரம்பு வைத்தார்கள். முதல் பிரிவில் 100-க்குச் சுமார் 40 பேர் இறந்தார்கள். மென்மையாக ஊதிய பிரிவில் 31 பேர். கருவியின் அளவை மாற்றியதால் மட்டும் கிடைத்த உயிர்கள் இவை.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கிலோ என்பது தராசில் நிற்கும் எடை அல்ல. ஆணா பெண்ணா என்று பார்த்து, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. சதை கூடினாலும் குறைந்தாலும் நுரையீரலின் அளவு மாறாது. ஐந்தடி மூன்றங்குல ஆணுக்குக் கணக்கில் 57 கிலோ, ஒரு மூச்சுக்குச் சுமார் 340 மில்லி லிட்டர். அவர் ஊரில் பிறந்தாலும் சேரியில் பிறந்தாலும், வயிறு நிறைய உண்டு வளர்ந்தாலும் பட்டினி கிடந்து வளர்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். இதற்குத் தேவைப்படுவது ஓர் அளவு நாடா.

அடுத்தது, குப்புறப் படுக்க வைப்பது. மல்லாந்து கிடந்தால் இதயமும் கனத்த நுரையீரலும் முதுகுப் பக்கக் காற்றறைகளை நசுக்கும். புரட்டிப் போட்டால் அவை திறந்துகொள்ளும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 கடும் நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 16 பேர். மல்லாந்தே கிடந்தவர்களில் சுமார் 33 பேர். குழாய் நழுவாமல் புரட்ட நான்கைந்து பேரின் கை வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் 50 நாடுகளில் எடுத்து 2016-இல் வெளியான கணக்கில், கடுமையான நிலையில் இருந்தவர்களில் 100-க்கு 16 பேரைத்தான் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லா நிலைகளையும் சேர்த்து 10 பேரில் 4 பேர் இறந்தார்கள். பொய் நம்பிக்கை கொடுக்க நாம் விரும்பவில்லை. ஆனால் 10-இல் 6 பேர் வீடு திரும்பினார்கள் என்பதும் அதே கணக்குதான். பாதியில் கழற்றித் தூக்கிப்போனால் அந்த ஆறில் ஒருவராகும் வாய்ப்பும் போய்விடும்.

ஆகவே வாசலில் நிற்கும் நாம் கேட்கலாம்: "உயரம் அளந்தீங்களா டாக்டர்? குப்புறப் படுக்க வைக்க முடியுமா?" பணிவாகவே கேட்கலாம். கேட்பது நம் உரிமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். தனியார் மருத்துவமனையின் முன்பணத்துக்காகக் கந்துவட்டியில் விழுவதற்கு முன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தாயிடம் ஒப்பந்ததாரரின் ஆள், "வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லும்மா, செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்றாராம். அவர் மறுத்து, மலக்குழி என்றே சொன்னார். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. எந்த வாயு, எவ்வளவு நேரம், கழிவுநீர் உள்ளே போனதா என்பதை வைத்துத்தான் மருத்துவர் அடுத்த இரண்டு நாளைத் திட்டமிட முடியும். வழக்கும் இழப்பீடும் அந்த ஒரு வரியில்தான் நிற்கும்.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இறந்தால் 30 லட்சம், பிழைத்தும் நிரந்தரமாக முடங்கினால் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என்று தீர்ப்பளித்தது. சாவுக்கு இழப்பீடு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். பிழைத்தவருக்கும் உண்டு என்பது தெரிவதில்லை.

யாராவது உள்ளே விழுந்தால் 108-ஐ அழையுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். நீங்கள் இறங்காதீர்கள். ஒருவரைத் தூக்கப்போய் இரண்டு மூன்று பேராகச் செத்த கதைகள் நம் மக்களுடையவை.

அந்த மகனுக்குப் பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். முதல் இரண்டு நாள் குரல் கரகரத்தது. இன்று தெருமுனை வரை நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறார். குழிக்குள் இனி இறங்க மாட்டேன் என்கிறார். வேறு வேலை கொடுக்க யாரும் இன்னும் முன்வரவில்லை. இழப்பீட்டு மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்தத் தாயோடு நாங்களும் போய் அந்த வாசலில் நிற்கிறோம்.