முன்வாய்த் துப்பாக்கி வேட்டையரின் தோள்பை: அமெரிக்க எல்லைப்புறப் பொருள்சார் பண்பாட்டு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு நிரப்பப்படும் துப்பாக்கியை ஏந்திய அமெரிக்க எல்லைப்புற வேட்டையர் தோளில் ஒரு சிறு தோற்பையைச் சுமந்தனர். இன்று அது 'பாசிபிள்ஸ் பை' என வழங்கப்படுகிறது. அப்பையில் இடம்பெறும் பொருள்கள் யாவை, அவை ஏன் இடம்பெறுகின்றன, எவை பைக்கு வெளியே வைக்கப்படுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பையின் ஒழுங்கு துப்பாக்கியை நிரப்பும் செயல்வரிசையின் மறுவடிவமே என்பதும், அவ்வரிசையை அறியாமல் இப்பொருள்களுக்குத் தமிழில் பெயரிடுவது பிழைக்கு வழிவகுக்கும் என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: முன்வாய்த் துப்பாக்கி, தோள்பை, மருந்துக்கொம்பு, பொருள்சார் பண்பாடு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

ஒரு தொழிலரின் பை அத்தொழிலின் சுருக்கம் எனலாம். நாவிதரின் அடைப்பமும் மருத்துவரின் மருந்துப்பையும் அவரவர் தொழிலறிவை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிக் காட்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் அப்பலேச்சிய மலைத்தொடரைக் கடந்து கென்டக்கி, டென்னசி காடுகளுக்குள் சென்ற 'நெடுவேட்டையர்' சுமந்த பையும் அத்தகையதே. 1769ஆம் ஆண்டில் கம்பர்லாந்து கணவாய் வழியே கென்டக்கிக்குள் சென்ற டேனியல் பூன் (1734–1820) அவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர். மாதக்கணக்கில் ஊர் திரும்பாத வேட்டையருக்குக் கடையும் இல்லை, கொல்லரும் இல்லை. துப்பாக்கி பழுதுபட்டால் உணவும் இல்லை, காவலும் இல்லை. எனவே, பைக்குள் எதை வைப்பது என்னும் வினா அவர்களுக்கு உயிர் பற்றிய வினாவாக இருந்தது.

இவ்வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. பென்சில்வேனிய மாநிலத்தில் 1974 முதல் தீக்கல் துப்பாக்கிக்கென்றே தனி மான்வேட்டைப் பருவம் ஒதுக்கப்பட்டு வருகிறது. அப்பருவத்தில் காட்டுக்குச் செல்வோர் இன்றும் ஏறத்தாழ அதே பொருள்களையே சுமக்கின்றனர்.

பெயரும் பொருளும்

'பாசிபிள்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் நேர்ப்பொருளில் 'இயலக்கூடியவை' எனப்படும். வழக்கில் அது தேவைப்படக்கூடிய சில்லறைப் பொருள்களைக் குறித்தது. இன்று இப்பெயர் தோளில் தொங்கும் சிறு பைக்கு வழங்குகிறது. ஆனால் பழைய வழக்கு வேறு. 1840களில் ராக்கி மலைப் பகுதியில் பயணம் செய்த ஆங்கிலேயரான ஜார்ஜ் ஃபிரெடரிக் ரக்ஸ்டன் தம் நூல்களில் இரு பைகளை வேறுபடுத்திக் காட்டுகிறார். ஒன்று, பதப்படுத்திய எருமைத்தோலால் ஆன, மூட்டையோடு ஏற்றிச் செல்லும் பெரிய பை. மருந்து, ஈயம், புகையிலை, காலணிக்கான தோல் முதலியவை அதில் இருந்தன. 'பாசிபிள்' என்னும் அடைமொழி அதற்கே உரியது. மற்றொன்று, மருந்துக்கொம்போடு சேர்த்துத் தோளில் மாட்டப்படும் குண்டுப்பை. குண்டுகளும் தீக்கடைப் பொருள்களும் சில்லறைகளும் அதில் இருந்தன.

ஆகவே, இன்றைய 'பாசிபிள்ஸ் பை' என்பது பெரிய பையின் பெயரைச் சிறிய பை ஏற்றுக்கொண்டதால் விளைந்த வழக்காகும். முதலது கிடங்கு, இரண்டாவது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டிய பணிப்பை. கிடங்குக்கு உரியவற்றைப் பணிப்பைக்குள் திணிப்பது புதிதாக வேட்டைக்குச் செல்வோர் செய்யும் முதற்பிழை. அதற்கு இப்பெயர் மயக்கமும் ஒரு காரணமாகலாம்.

பைக்கு வெளியே இருப்பவை

பைக்குள் இருக்கக்கூடாத பொருள்களை முதலில் அறிவது பயனுடையது. அவற்றுள் முதன்மையானது வெடிமருந்து. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விழுக்காட்டு அளவில் கலக்கப்படும் கருமருந்து சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். பைக்குள்ளோ எஃகும் தீக்கல்லும் உண்டு. எனவே, மருந்து தனியே மாட்டுக்கொம்பில் வைக்கப்பட்டது. கொம்பு நீர் புகாதது, பொறி எழுப்பாதது, எடை குறைந்தது, எளிதில் கிடைப்பது. அதன் அகன்ற அடிப்பகுதி மரத்தால் அடைக்கப்பட்டிருக்கும். குறுகிய நுனியில் ஒரு மரத்தக்கை இருக்கும்.

மருந்தைத் திணிக்கும் கோல் குழலின் அடியில் செருகப்பட்டிருக்கும். உறைத்துணியை அறுக்கும் சிறுகத்தி பெரும்பாலும் பையின் வாரிலோ பின்புறத்திலோ தன் உறைக்குள் இருக்கும். கூரிய கத்தி பைக்குள் இருந்தால் பையையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

பைக்குள் இருப்பவை: நிரப்புதலின் வரிசை

இத்துப்பாக்கியை நிரப்புவதில் மாறாத ஒரு வரிசை உண்டு. முதலில் மருந்து, அடுத்து உறைத்துணியில் பொதிந்த குண்டு, பின்பு அதனைக் கோலால் மருந்தின்மேல் உறுதியாகப் படியச் செய்தல், இறுதியில் பற்றுமருந்து. பையின் பொருள்கள் இவ்வரிசைக்கு ஏற்பவே அமைகின்றன.

(அ) அளவைக்குழல். எலும்பிலோ மான்கொம்பிலோ பித்தளையிலோ செய்யப்பட்ட இது ஒரு முறைக்குரிய மருந்தை மட்டுமே கொள்ளும். கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் மருந்தைக் கொட்டலாகாது என்பது இக்கலையின் தலையாய விதி. முந்தைய வெடியின் கனல் துணுக்கு குழலடியில் எஞ்சியிருக்கக்கூடும். நேரே கொட்டினால் தீ மேலேறிக் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவைக்குழலில் எடுத்துக் கொட்டினால், பற்றினாலும் ஓர் அளவே பற்றும். அளவுக்கருவியாகத் தோன்றும் இப்பொருள் உண்மையில் ஒரு காப்புக்கருவியுமாகும்.

(ஆ) குண்டு. அரை அங்குலக் குழலுக்கு (12.7 மி.மீ.) ஏறத்தாழ 12.45 மி.மீ. குறுக்களவுடைய ஈயக்குண்டு பயன்படுகிறது. குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பது உறைத்துணிக்கு இடம் விடுவதற்காகும்.

(இ) உறைத்துணியும் கொழுப்பும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் விலங்குக் கொழுப்போ தேன்மெழுகுக் கலவையோ தடவப்படும். துணி குழலின் உட்புறச் சுருள்வரிகளைப் பற்றிக் குண்டைச் சுழலச் செய்கிறது. வெடிவளி பக்கவாட்டில் கசியாமல் அடைக்கிறது. கொழுப்பு, கருமருந்தின் கசடு இறுகாமல் இளக்குகிறது. பலர் ஒரு மரப்பலகையில் துளைகளிட்டு, துணி பொதிந்த குண்டுகளை முன்னதாகவே செருகி வைத்துக்கொள்கின்றனர். இரண்டாம் முறை விரைந்து நிரப்ப இது உதவும்.

(ஈ) பற்றுமருந்து. தீக்கல் துப்பாக்கியின் கிண்ணியில் இடப்படும் இது மிக நுண்ணிய பொடியாகும். சிறு கொம்பிலோ சிறு குப்பியிலோ இதனை வைத்துக்கொள்வர். இதை இறுதியில் இடுவதற்குக் காரணம் வெளிப்படை: இது இடப்படாதவரை குதிரை தவறி விழுந்தாலும் வெடிப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

பழுது நீக்கும் கருவிகள்

தீக்கல் துப்பாக்கி பல வகைகளில் தவறும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு கருவி பையில் உண்டு. தீத்துளை கசடால் அடைபட்டால் கிண்ணி மருந்து மட்டும் எரிந்து அணையும்; உள்மருந்து பற்றாது. அதற்கு ஒரு மெல்லிய கம்பி வேண்டும். கிண்ணியைத் துடைக்கச் சிறு தூரிகை வேண்டும். தீக்கல் மழுங்கிப் பொறி குறைந்தால் மாற்றுக் கல்லும், அதனைக் குதிரையின் தாடையில் இறுகப் பிடிக்க ஒரு தோல்துண்டும், திருகாணி முடுக்கியும் வேண்டும்.

பதற்றத்தில் மருந்திட மறந்து குண்டை மட்டும் செலுத்திவிடுவது அனுபவமுடையோருக்கும் நேர்வதே. அக்குண்டை வெளியே எடுக்கத் திணிகோலின் நுனியில் பொருத்தும் திருகாணி முனை பயன்படும். குழலுக்குள் விழுந்த துணியை எடுக்கச் சுருள்முனை உண்டு. இவ்விரண்டும் இல்லையெனில் அன்றைய வேட்டை அத்துடன் முடிந்தது எனலாம்.

இதைவிட இடர் மிக்க தவறு ஒன்று உண்டு. குண்டு மருந்தின்மேல் படியாமல் இடைவெளி விட்டு நின்றால் வெடிக்கும்போது குழல் புடைக்கவோ பிளக்கவோ கூடும். இதற்குப் பையில் கருவி இல்லை. திணிகோலில் இட்ட ஒரு கோடே காவல். சரியாக நிரப்பியபோது கோல் குழல்வாயோடு பொருந்தும் இடத்தில் அக்கோடு இருக்கும். கோடு வெளியே உயர்ந்து தெரிந்தால் குண்டு படியவில்லை; அல்லது முன்பே ஒரு நிரப்பு உள்ளே இருக்கிறது.

தீக்கல்லிலிருந்து கேப்புக்கு

1807இல் ஸ்காட்லாந்துச் சமயகுருவான அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் பற்றும் வேதிப்பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளைச் செப்புக் கிண்ணத்தில் அடக்கிய கேப்பு பரவலானது. அதனால் பைக்குள்ளும் மாற்றம் நேர்ந்தது: தீக்கல், தோல்துண்டு, கிண்ணித் தூரிகை, பற்றுமருந்து ஆகியவை விலகின, கேப்புப் பெட்டியும், கேப்பு பொருந்தும் காம்பைக் கழற்றும் திருகியும் இடம்பெற்றன. மழையில் துப்பாக்கி தவறுவது குறைந்தது. ஆனால் ஒரு சார்பும் புகுந்தது. தீக்கல்லைக் காட்டில் தேடலாம். கேப்பைத் தேட இயலாது. மலைவேட்டையருள் சிலர் நெடுநாள் தீக்கல்லையே விரும்பியதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

எடையும் அளவும்

ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 11.5 கிராம். ஒரு முறைக்கு 70 கிரெயின் மருந்து எனக் கொண்டால் அது ஏறத்தாழ 4.5 கிராம். இருபது முறைக்கு 230 கிராம் ஈயமும் 90 கிராம் மருந்தும் தேவைப்படும். ஈயமே சுமை என்பது இதனால் விளங்கும். 1804–1806இல் நிகழ்ந்த லூயிஸ்–கிளார்க் பயணத்தில் இச்சிக்கலுக்கு நுட்பமான தீர்வு காணப்பட்டது: மருந்து ஈயக்கலங்களில் அடைக்கப்பட்டது. ஒரு கலத்தின் மருந்து தீர்ந்ததும் அக்கலத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாம். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவதால் அடுப்புத்தீயே அதற்குப் போதுமானது. கொள்கலமே பொருளாகும் இவ்வமைப்பு சிக்கனத்தின் உச்சம்.

ஒருநாள் வேட்டைக்குச் செல்வோருக்குப் பத்துக் குண்டுகளே மிகுதி. நிறைந்த பையில் கை துழாவும். துழாவும் ஓசையில் மான் விலகும். ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓரிடம் இருந்தால் கண் இலக்கை விட்டு அகலாமலே கை தேவையானதை எடுக்கும்.

தமிழில் பெயரிடல்

தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கி எனப்படுவதும் பெரும்பாலும் முன்வாய் வகையே. எனவே இத்துறைக்குரிய சொற்கள் தமிழுக்கு அயலானவை அல்ல. துப்பாக்கி, சக்கிமுக்கி ஆகியவை துருக்கிய மூலமுடையவை. மருந்து, குண்டு, குதிரை, கெட்டித்தல் ஆகியவை தமிழ்ச்சொற்களே புதுப்பொருள் ஏற்றவை. சிறுவர் விளையாட்டுத் துப்பாக்கி வழியே கேப்பு என்னும் சொல்லும் வழக்கில் உள்ளது.

எனினும், ஃபெனிமோர் கூப்பரின் 'மோகிக்கரில் கடைசி மனிதன்' (1826) போன்ற எல்லைப்புறப் புதினங்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளக்கூடிய இடர்கள் சில உள. கிண்ணிக்கும் குழலுக்கும் உரிய இருவகை மருந்தையும் 'மருந்து' என ஒரே சொல்லால் சுட்டினால் கிண்ணி மருந்து எரிந்து துப்பாக்கி வெடிக்காத காட்சி பொருளிழக்கும். 'பற்றுமருந்து', 'உந்துமருந்து' என்னும் வேறுபாடு இங்குத் தேவை. கொம்பை ஊதுகொம்பாகவோ, உறைத்துணியை ஒட்டுத்துணியாகவோ பெயர்ப்பதும் இத்தகைய பிழையே. 'தோட்டா' என்னும் சொல் மருந்தும் குண்டும் ஓருறைக்குள் அடங்கியதைக் குறிப்பதால் தனிக்குண்டுக்கு அது பொருந்தாது.

முடிவுரை

தோள்பையின் பொருள்கள் நிரப்புதல், காத்தல், பழுது நீக்கல் என்னும் மூன்று தேவைகளுள் அடங்குகின்றன. மருந்து வெளியே, அளவைக்குழல் உள்ளே என்னும் சிறு பகுப்பிலேயே கையிழப்பைத் தவிர்க்கும் பட்டறிவு பொதிந்துள்ளது. அருங்காட்சியகப் பேழையில் அடுக்கப்பட்ட எலும்புக்குழலும் கம்பியும் கந்தைத்துணியும் தனித்தனியே பொருளற்றவை. அவற்றை இணைக்கும் செயல்வரிசை அறியப்படும்போதே அவை ஒரு பண்பாட்டின் சான்றாகின்றன. நாட்டுத் துப்பாக்கியோடு வாழ்ந்த தமிழகச் சமூகங்களின் பைகளையும் கருவிப் பெயர்களையும் இதே முறையில், செயல்வரிசையோடு சேர்த்துப் பதிவு செய்வது அவ்வழக்கறிவு உடையோர் இருக்கும்போதே நிறைவேற்றவேண்டிய பணியாகும்.