நாலே நாலு புள்ளி!

குழந்தைகளே! கணக்கு நோட்டில் கட்டம் போட்ட பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள். சும்மா படித்துக்கொண்டே போனால் ஒன்றும் விளங்காது. கூடவே போட்டுப் பார்த்தால்தான் வேடிக்கை!

பக்கத்தின் அடியில் படுக்கையாக ஒரு கோடு இழுங்கள். அது எக்ஸ் அச்சு. இடது ஓரத்தில் செங்குத்தாக ஒன்று. அது ஒய் அச்சு. இரண்டும் சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி, அதாவது (0, 0). அங்கிருந்து இரண்டு அச்சிலும் 6 வரை எண்களை எழுதுங்கள். எண்ணைக் கட்டத்துக்குள் எழுதக் கூடாது, கோட்டுக்கு நேராக எழுத வேண்டும். நாம் எண்ணப்போவது கோடுகளைத்தான், கட்டங்களை அல்ல. பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்!

இப்படி இரண்டு எண்களால் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் முறைக்கு வழி காட்டியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரெனே டெகார்த். 1637-ல் வெளியான அவருடைய நூலில்தான் வடிவியலும் இயற்கணிதமும் கைகோத்தன. கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால், அதற்கு ஆதாரம் கிடையாது.

சரி, நமது நாலு புள்ளிகள் இதோ: அ (2, 1), ஆ (5, 2), இ (4, 5), ஈ (1, 4).

முதல் எண் வலப்பக்கம் நடக்க. இரண்டாவது எண் மேலே ஏற. வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகுதானே மாடிப்படி ஏறுவோம்? அதே வரிசைதான். (2, 1) என்பதை (1, 2) என்று குறித்தால் புள்ளி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

குறித்துவிட்டீர்களா? அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக இணைத்து, மறுபடி அ-வுக்கு வாருங்கள். சற்றே சாய்ந்த ஒரு நாற்கரம் வந்திருக்கும். இப்போது பக்கத்திலேயே அதே புள்ளிகளை இன்னொரு முறை குறியுங்கள். ஆனால், அ, இ, ஆ, ஈ என்ற வரிசையில் இணைத்துவிட்டு அ-வுக்கு வாருங்கள். என்ன வந்தது? நடுவில் இடுப்பு ஒடுங்கி, படுக்க வைத்த உடுக்கை மாதிரி இருக்கிறதா? புள்ளி மாறவில்லை, வரிசைதான் மாறியது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, நாற்கரம் கெட்டுப்போயிற்று.

முதல் படத்துக்கே திரும்புவோம். அது என்ன நாற்கரம்? சாய்சதுரம் என்று பல பேர் கை தூக்குவீர்கள். கண்ணை நம்பாதீர்கள், நடந்து பாருங்கள்! அ-விலிருந்து ஆ-வுக்குப் போக 3 வலம், 1 மேல். ஆ-விலிருந்து இ-க்கு 1 இடம், 3 மேல். இ-யிலிருந்து ஈ-க்கு 3 இடம், 1 கீழ். அங்கிருந்து வீட்டுக்கு 1 வலம், 3 கீழ். எல்லா நடையிலும் 3-ம் 1-ம்தான். ஆகவே நாலு பக்கமும் சமம். மூலைகள் செங்கோணமா? 3 கட்ட நீளம், 1 கட்ட உயரத்தில் ஓர் அட்டையை வெட்டி, இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வலம் போனது மேல் ஆகும், மேல் போனது இடம் ஆகும். 3 வலம், 1 மேல் என்பது 3 மேல், 1 இடம் ஆயிற்று. நமது இரண்டாவது நடை அதேதான்! கால் சுற்று என்றால் 90 பாகை. ஆக, இது சாய்ந்து நிற்கும் அசல் சதுரம்.

(1, 1), (5, 2), (6, 6), (2, 5) என்ற புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். முதல் நடை 4 வலம், 1 மேல். அடுத்தது 1 வலம், 4 மேல். எண்கள் இடம் மாறின, ஆனால் திசை திரும்பவில்லை. பக்கங்கள் சமம், மூலை செங்கோணம் இல்லை. சாய்சதுரம் என்றால் இதுதான்.

சதுரத்தின் பரப்பு எவ்வளவு? (1, 1) முதல் (5, 5) வரை அதைச் சுற்றி ஒரு சட்டம் போடுங்கள். அதற்குள் 16 கட்டங்கள். நாலு மூலையிலும் மிஞ்சும் முக்கோணங்கள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கட்டம், மொத்தம் 6. மீதி 10.

படமே இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடைசியில் முதல் புள்ளியை மறுபடி எழுதுங்கள்.

2  1
5  2
4  5
1  4
2  1

ஒவ்வொரு வரியிலும் இடப்பக்க எண்ணை அடுத்த வரியின் வலப்பக்க எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 4 + 25 + 16 + 1 = 46. பிறகு வலப்பக்க எண்ணை அடுத்த வரியின் இடப்பக்க எண்ணால்: 5 + 8 + 5 + 8 = 26. வித்தியாசம் 20, அதில் பாதி 10. குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்குவதால் இதற்கு ‘ஷூ லேஸ்’ முறை என்று செல்லப் பெயர். ஒரு வயலின் மூலைப்புள்ளிகள் தெரிந்தால் இந்த முறையிலேயே அதன் பரப்பைச் சொல்லிவிடலாம்.

இதையே உடுக்கை வரிசையில் செய்யுங்கள். 10 + 8 + 20 + 1 = 39. மறுபக்கம் 4 + 25 + 2 + 8 = 39. வித்தியாசம் பூஜ்யம்! உடுக்கையின் ஒரு பாதியைக் கடிகார முள் போகும் திசையிலும், மறு பாதியை எதிர்த்திசையிலும் சுற்றுகிறோம். ஒன்று கூட்டினால் மற்றது கழிக்கிறது. வயலை அளந்தவர் மூலைகளை இந்த வரிசையில் எழுதிக் கொடுத்தால், நெல் விளையும் நிலம் காகிதத்தில் காணாமல் போய்விடும். பாடப்புத்தகத்தில் ‘ஏ, பி, சி, டி’ என்று வரிசை போட்டுக் கொடுப்பது இதற்காகத்தான்.

ஆனால், எந்த வரிசையில் இணைத்தாலும் கோடுகள் வெட்டிக்கொள்ளாத நாலு புள்ளிகளும் உண்டு! (0, 0), (6, 0), (3, 6), (3, 2) ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசிப் புள்ளி, மற்ற மூன்றும் சேர்ந்த முக்கோணத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்று விதமாக இணைக்கலாம். மூன்றும் உட்பக்கம் குழிந்த நாற்கரங்கள். இரண்டு, கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று எதிர். மூன்றாவது அம்பு நுனி மாதிரி இருக்கும். ஷூ லேஸ் போட்டுப் பரப்பைப் பாருங்கள். மூன்றுக்கும் 12 கட்டம்!

இப்போது (3, 2) என்ற புள்ளியை மட்டும் (3, 3)-க்கு ஏற்றிவிட்டு மறுபடி போடுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் இளைத்துப் போகும். எது என்று கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!